மூத்த நடிகரும் மக்கள் தீர்ப்பும்: ஒரு மெய்ப்பாட்டு நோக்கு

1. தோற்றுவாய்

கீழ்க்கட்டளைப் பேருந்து நிலையத்தை அடுத்துள்ள தேநீர்க் கடை ஒன்றில், ஒரு மாலைப் பொழுதில் நாம் கேட்ட ஒரு தொடரே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. கடைச் சுவரில் இருந்த தொலைக்காட்சியில் விழா ஒன்று காட்டப்பெற்றது. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் தலைவியாக நடித்துப் பெரும்புகழ் எய்திய நடிகை ஒருவர் மேடையேறி விருது பெற்றார். அவர் உடல் பருத்திருந்தது. முகம் வயதைக் காட்டிற்று. தேநீர் அருந்திக்கொண்டிருந்த இருவருள் இளையவர், ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், மற்றவரை நோக்கி, "எப்படி இருந்தவங்கண்ணே! எப்படி ஆயிட்டாங்க, பாருங்க!" என்றார். அந்த அம்மையார் பெற்ற விருது யாது, எதன் பொருட்டு அளிக்கப்பெற்றது என்பனவற்றை இருவரும் கேட்டிலர். மூத்தவர் கூறிய மறுமொழியைப் பின்னர்க் காண்போம்.

இத்தொடர் கீழ்க்கட்டளைக்கே உரியதன்று. தமிழ் வழங்கும் இடமெல்லாம், திருமண வீட்டிலும், பேருந்திலும், நாளிதழின் திரைப்பகுதியிலும், கைப்பேசியிலும் இது நாள்தோறும் வழங்குகின்றது. நாடறிந்த ஒருவர் மூப்பெய்தியவிடத்து, அவருடைய உருவும் எடையும் மக்கள் மன்றத்தில் வழக்காக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தீர்ப்பும் அப்பொழுதே வழங்கப்பட்டுவிடுகின்றது. இதனைப் பண்பாட்டுக் குறை என்று கடிந்து ஒதுக்குதல் எளிது. ஆயின் ஆய்வாளர்க்கு அது போதாது. இத்தீர்ப்பு எவ்வகை மெய்ப்பாட்டினின்று பிறக்கின்றது? நம் இலக்கிய மரபில் இதற்கு வேர் உண்டா? திறனாய்வு இதற்கு மாற்றாகத் தரவல்லது யாது? இம்மூன்று வினாக்களை முறையே ஈண்டு ஆராய்வோம்.

2. தொடரின் அமைப்பு

முதற்கண் சொல்லை நோக்குவோம். இத்தொடரில் 'எப்படி' என்னும் வினாச்சொல் இருமுறை வருகின்றது. எனினும் வினாப்பொருள் அதற்கில்லை. அந்நடிகை முன்னர் எவ்வாறு இருந்தார் என்பது கூறப்படவில்லை. இன்று எவ்வாறு ஆனார் என்பதும் கூறப்படவில்லை. இரண்டனையும் கேட்போரே தம் நினைவாலும் கண்ணாலும் நிரப்பிக்கொள்ளுதல் வேண்டும். சான்று காட்டாத தீர்ப்பாதலின், இதனை மறுப்பதற்கும் இடமில்லை.

'இருந்தவங்க' என்பது 'இருந்தவர்கள்' என்னும் வினையாலணையும் பெயரின் பேச்சு வடிவம். அது இறந்த காலம் காட்டி நிற்கின்றது. 'ஆயிட்டாங்க' என்பது 'ஆகிவிட்டார்கள்' என்பதன் திரிபு. இதன்கண் உள்ள 'விடு' என்னும் துணைவினை, செயல் முற்றுப்பெற்றதனை உணர்த்துவதோடு, அம்முடிவு கூறுவோர்க்கு உவப்பில்லாதது என்பதனையும் பல இடங்களில் உணர்த்தும். உடைந்துவிட்டது, கெட்டுவிட்டது என்னும் வழக்குகளை ஒப்பிட்டு நோக்குக. எனவே இத்தொடரின்படி, அந்நடிகை என்னும் ஆள் இறந்த காலத்தில் இருந்தவர்; மேடையில் இன்று நிற்பது அவர்க்கு நேர்ந்த ஒரு கேடு. விருது பெற வந்தவரைத் தொடரின் இலக்கணமே மேடையினின்றும் இறக்கிவிடுகின்றது.

இறுதியில் நிற்கும் 'பாருங்க' என்னும் ஏவலும் கருதத்தக்கது. தாம் கண்டதை மற்றொருவரும் கண்டு உடன்பட்டாலன்றிக் கூறுவோர்க்கு நிறைவு பிறப்பதில்லை. தீர்ப்பு மன்றத்தில் நிகழ்வது. தனியே நினைத்துக்கொள்ளும் எண்ணம் தீர்ப்பாவதில்லை. இன்னும் ஒன்று. 'இருந்தவங்க', 'ஆயிட்டாங்க' என்று உயர்வுப்பன்மை இறுதிவரை மாறாமல் வருகின்றது. வசைமொழி எதுவும் இல்லை. மரியாதை குறையாமலே மதிப்பைக் குறைக்கும் இவ்வமைப்பினால், கூறுவோர் தாம் ஒருவரை இழித்துரைத்ததாகவே உணர்வதில்லை. இரங்கியதாகவே எண்ணுகின்றனர்.

3. அழுகையா, நகையா, இளிவரலா?

இரக்கம் என்று எண்ணப்படும் இதனைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு பகுத்து நோக்கலாம். அவர் எண்வகை மெய்ப்பாட்டுள் ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என்பர். அழுகைக்குரிய நான்கனுள் அசைவு என்பது ஒன்று. பண்டைய நல்ல நிலை கெட்டு வேறொரு நிலை எய்தி வருந்துதல் என அதற்கு உரையாசிரியர் பொருள் காண்பர். "எப்படி இருந்தவர்" என்னும் தொடர் வெளித்தோற்றத்தில் இவ்வசைவு பற்றிய அழுகையாகவே காட்சியளிக்கின்றது. நல்ல நிலையினின்றும் தாழ்ந்தார்க்கு இரங்குதல் சான்றோர் இயல்பன்றோ எனக் கூறுவோர் தம்மைத் தேற்றிக்கொள்ளவும் இது இடந்தருகின்றது.

ஆயின் அம்மையார் வருந்தினார் என்பதற்கு யாதொரு குறியும் இல்லை. அவர் மகிழ்வுடன் நின்றார், நன்றியுரை கூறினார். வருந்தாதவர்க்கு இரங்குதல் எங்ஙனம்? ஆகவே இஃது அழுகை எனப்படாது. கூறியவர் முகத்தில் தோன்றியது சிறு முறுவல். நகைக்குரிய நான்கனுள் முதற்கண் வைக்கப்பெற்ற எள்ளலே இது எனக் கொள்ளுதற்கு அம்முறுவல் இடந்தருகின்றது.

இவ்வளவில் நின்றுவிடுதலும் பொருந்தாது. எள்ளல் ஏன் பிறந்தது? இளிவரலுக்கு நிலைக்களனாகத் தொல்காப்பியர் கூறும் நான்கனுள் முதலில் நிற்பது மூப்பு. இளிவரல் என்பது இழிவு கண்டு மனம் சுருங்குதல். மெய்ப்பாட்டின் நிலைக்களன்கள் தன்கண் தோன்றுதலும் உண்டு. பிறன்கண் தோன்றுதலும் உண்டு என்பது உரை மரபு. நம் ஆய்வின் திறவுகோல் இவ்விடத்தே உள்ளது. தேநீர்க் கடையில் மூத்தவர் கூறிய மறுமொழி இது: "ஏம்ப்பா, நாம மட்டும் அப்படியேவா இருக்கோம்?" இதனைக் கேட்ட இளையவர் சிரித்துக்கொண்டே தலையைத் தடவிக்கொண்டார். சாயம் பூசிய முடியின் அடியில் நரை தெரிந்தது. நம் தலையும் சாயம் பூசியதே ஆதலின், இதனை அவர்மேற் குறையாகக் கூறவில்லை. பிறன்கண் வைத்து எள்ளிய மூப்பினை மூத்தவர் ஒரே வினாவால் தன்கண் திருப்பினார். அவ்வளவில் தீர்ப்பு கலைந்தது. இருவரும் தத்தம் முழங்கால் வலி பற்றிப் பேசத் தொடங்கினர்.

எனவே நாம் ஆராயும் தீர்ப்பு, தன்கண் தோன்றிய இளிவரலைப் பிறன்கண் ஏற்றி, எள்ளலாக வெளியிட்டு, அழுகையின் உடையால் மூடிக்கொள்வது எனத் துணியலாம். பிற மாந்தரினும் நடிகர்மேல் இது மிகுதியாகப் பாய்வதற்குத் திரைப்படத்தின் தன்மையே காரணம். மேடையில் ஆடியும் பாடியும் வாழ்ந்த கலைஞர் தம் சுவைஞரோடு உடன் மூத்தனர். அவர்தம் இளமை நினைவில் மட்டும் இருந்து மங்கிற்று. திரைக் கலைஞரின் இளமையோ மங்குவதில்லை. 1980களின் பாடலொன்றில் ஆடிய பெண் இன்றும் நாள்தோறும் அதே விரைவோடும் அதே முகத்தோடும் தொலைக்காட்சியில் ஆடுகின்றாள். அறுபது வயது நடிகைக்கு எதிராகச் சான்று கூற இருபது வயதில் நடித்த அவரே வந்து நிற்கின்றார். அப்பாடலைக் கேட்டு வளர்ந்தவர்க்கு அப்பெண்ணின் முகம் தம் இளமைக்கும் அடையாளம். அது மாறியது கண்டு அவர் கொள்ளும் சினம், தம்மிடமிருந்து ஒரு பொருள் பறிக்கப்பட்டது போன்ற சினமே.

4. மரபில் உள்ள வேர்கள்

இம்மனப்பான்மை இன்று முளைத்ததன்று. நம் மரபில் இதற்கு மூன்று வேர்கள் உள.

முதலாவது, பருவங்களின் பெயரீடு. உலா இலக்கியம் பெண்டிரைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என எழுவகைப்படுத்தும். ஆண்டு வரையறையில் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டேனும், ஐந்தாம் ஆண்டில் தொடங்கும் பேதைப் பருவம் முதலாக, 32 முதல் 40 வரையுள்ள பேரிளம்பெண் ஈறாக எண்ணுதல் பெருவழக்கு. நாற்பதோடு பெயர் முடிந்துவிடுகின்றது. இறுதிப் பெயரும் தன்னுள் 'இளம்' என்னும் அடையை விடாது பற்றிக்கொண்டு நிற்றல் காண்க. ஆடவர்க்குப் பாட்டியல் மரபு வகுத்த பருவங்களிலோ, முப்பதிற்கு மேற்பட்டார் அனைவரும் அடங்குமாறு 'முதுமகன்' என்னும் பெயர் இறுதியில் அமைந்துள்ளது. ஆடவர் முதுமைக்குப் பெயர் உண்டு, வரம்பு இல்லை. பெண்டிர் பருவத்துக்கு வரம்பு உண்டு. அதற்கப்பால் பெயர் இல்லை. முதுகலை வகுப்பில் இப்பகுதியைக் கற்பித்தபோது மாணவி ஒருவர், "அம்மா, நாற்பதுக்கு அப்புறம் என்ன பேர்?" என்று வினவினார். வகுப்பு நகைத்தது. நாற்பத்தைந்து கடந்த நாமும் உடன் நகைத்தோம். விடை கூற இயலவில்லை. அன்று கூறாத விடையின் ஒரு பகுதியே இக்கட்டுரை எனினும் பொருந்தும். உலாப் புலவர்க்கு நேர்மை செய்தற்பொருட்டு ஒன்றனைச் சேர்த்துக் கூறுதல் வேண்டும்: நாற்பது வயதுப் பேரிளம்பெண்ணும் தலைவனைக் கண்டு காமுறுவாள் என்றே அவர் பாடினர், அவளை எள்ளினாரல்லர்.

இரண்டாவது, நிலையாமை கூறும் நெறி. மணிமேகலைக் காப்பியத்தில், காயசண்டிகையின் வடிவு கொண்டிருந்த மணிமேகலை, தன்னைத் தொடர்ந்து வந்த உதயகுமரனுக்கு நரைமூதாட்டி ஒருத்தியைச் சுட்டிக்காட்டுகின்றாள். கூந்தல் முதலாக உறுப்பு ஒவ்வொன்றும் முன்னர் எதனோடு உவமிக்கப்பட்டது, இன்று எவ்வாறு திரிந்தது என நிரலே எடுத்தோதுகின்றாள். கேசாதிபாத வருணனையைத் தலைகீழாக்கிய அமைப்பு இது. "எப்படி இருந்தவர், எப்படி ஆகிவிட்டார்" என்னும் தொடரின் விரிந்த வடிவம் எனவும் இதனைக் கூறலாம். சுட்டப்பட்ட மூதாட்டிக்கு அங்குப் பேச்சு இல்லை. அவள் ஒரு காட்டு. இது குறையே. ஆயினும் சாத்தனார் நோக்கம் வேறு. மணிமேகலையின் சொல் மூதாட்டியின்மேற் பாய்வதன்று; காணும் இளைஞனின் வேட்கைமேற் பாய்வது. நீ விரும்பும் வடிவும் இத்தகையதே என்பது அவள் கூற வந்த பொருள். தீர்ப்புக்கு உள்ளாவோன் காண்போனே. இக்காலத்தார் அவ்வுறுப்புப் பட்டியலை மட்டும் கைக்கொண்டு, காண்போனை நோக்கிய அறவுரையை விட்டுவிட்டனர்.

மூன்றாவது வேர் இன்னும் ஆழமானது. முதுமையுற்ற, அழகு நீங்கிய பெண்ணுடலை நம் மரபு போற்றிய இடங்களும் உள. காரைக்காலம்மையார் தம் வனப்பு நிறைந்த உடலை உதறிப் பேய் வடிவு வேண்டிப் பெற்றார். தசை வற்றி, எலும்பு தோன்ற அமர்ந்து தாளமிடும் அவர் படிமத்தைச் சோழர் காலச் சிற்பிகள் வெண்கலத்தில் வடித்தனர். ஔவை திருமணத்தைத் தவிர்க்க வேண்டி இளமையிலேயே மூப்பினை வேண்டிப் பெற்றார் என்பது நாடறிந்த கதை. சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகளும் முதுமையால் மதிப்புப் பெற்றவரே. இம்மூவர்க்கும் பொதுவானது துறவு. தம் அழகையும் அதன்வழி வரும் வாழ்வையும் தாமே விட்டவர்க்கு முதுமை குற்றமாவதில்லை, விடாதவர்க்குக் குற்றமாகின்றது. மரபு விதித்த இந்நிபந்தனையே இன்றும் நடப்பில் உள்ளது.

இதற்குத் திரையுலகே சான்று தருகின்றது. 1908இல் கொடுமுடியிற் பிறந்த கே. பி. சுந்தராம்பாள், 1933இல் எஸ். ஜி. கிட்டப்பா மறைந்தபின் வெள்ளுடை பூண்டு வாழ்ந்தார். 1935இல் வெளிவந்த படமொன்றில் நந்தனாராகவும், 1953இல் ஔவையாராகவும், 1964இல் 'பூம்புகார்' படத்திற் கவுந்தியடிகளாகவும், 1965இல் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவையாராகவும் நடித்தார். 1951இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினராகவும் ஆனார். அவர்தம் உடலின் பருமனைப் பற்றியோ முகத்தின் முதிர்ச்சியைப் பற்றியோ தீர்ப்புக் கூற எவரும் முற்படவில்லை. அவர் குரலைக் கேட்டனர். அவர் பெற்ற இம்மதிப்பு உண்மையானது. எனினும் அதற்கு அவர் கொடுத்த விலை துறவுக்கோலம் என்பதனை மறத்தலாகாது.

5. துறவாதார் பெற்ற தீர்ப்பு

துறவுக்கோலம் பூணாத நடிகையர் பெற்ற தீர்ப்புகளை அடுத்து நோக்குவோம். நடிகையர் திலகம் எனப் போற்றப்பெற்ற சாவித்திரி, 1953இல் 'தேவதாஸ்', 1955இல் 'மிஸ்ஸியம்மா', 1961இல் 'பாசமலர்' எனத் தமிழ் மக்களின் நெஞ்சில் நிலைத்தவர். அவர் உடல் பருத்ததும், பின்னர் நோயுற்று மெலிந்ததும், நினைவிழந்து பன்மாதம் கிடந்து 1981 டிசம்பர் 26இல் மறைந்ததும் பலகாலும் கூறப்பட்டு வந்துள்ளன. அக்கூற்றுகளில் உடலின் பருமன் வாழ்க்கைச் சரிவின் குறியாகவே படிக்கப்படுகின்றது. எடை கூடியது என்பதே ஒழுக்கம் தளர்ந்தது என்பதற்குச் சான்றாக நிறுத்தப்படுகின்றது. எடையைத் தந்த காரணங்கள் பலவாக இருக்கலாம். குறியைப் படிப்போர்க்கு அவை வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் மெலிந்தே இருந்தவர் தப்பினாரோ எனின், இல்லை. 1963இல் பிறந்து, 1976இல் 'மூன்று முடிச்சு' படத்தில் பதின்மூன்று வயதிலேயே முதன்மைப் பாத்திரம் ஏற்ற ஸ்ரீதேவி, 2018 பிப்ரவரி 24இல் துபாயில் மறைந்தார். எதிர்பாராது நீரில் மூழ்கியமையே காரணம் என அந்நாட்டு அதிகாரிகள் அறிவித்தனர். எனினும் அடுத்தடுத்த நாள்களில் மக்கள் பேசியது, அவர் இளமைத் தோற்றத்தைக் காக்கச் செய்துகொண்டனவாகக் கருதப்பட்ட அறுவைகளையும் உணவுக் கட்டுப்பாட்டையும் பற்றியே. பருத்தவர் தம்மைக் காத்துக்கொள்ளவில்லை என்று பழிக்கப்பட்டார். மெலிந்தவர் தம்மை மிகுதியாகக் காத்துக்கொண்டார் என்று பழிக்கப்பட்டார். இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு, குற்றம் எடையில் இல்லை என்பது விளங்கும்.

பருமன் தானே குறையன்று என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 1990களில் குஷ்புவின் தசைப்பிடிப்பான தோற்றமே தமிழ்நாட்டார் உவந்த அழகாக இருந்தது. திருச்சிராப்பள்ளியில் அவர்க்குக் கோயில் எழுப்பினர். உப்பி மென்மையாக இருக்கும் இட்டலிக்கு அவர் பெயரை இட்டு அழைத்தனர். அப்பெயர் இன்றும் உணவகங்களில் வழங்குகின்றது. பின்னாளில் அவர் எடை குறைத்தபோதும் அது பேச்சுக்குப் பொருளாயிற்று. இளமையில் அழகெனப்பட்ட பருமன் நடுவயதில் குறையாகின்றது. அதனைக் குறைப்பின் அதுவும் ஐயத்துக்கு இடமாகின்றது. பொன்னை உரைத்துக் காணும் கட்டளைக்கல் ஆளுக்கு ஆள் மாறுமாயின், அக்கல்லில் உரைத்துக் கண்ட மாற்றினை எவர் நம்புவர்?

6. ஆடவர் நிலை

ஆடவர் முற்றும் தப்பினர் எனல் பொருந்தாது. மருதூர் கோபாலமேனன் இராமச்சந்திரன் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இன்றிப் பொதுமக்கள் முன் தோன்றாமையே அவர் அஞ்சியதற்குச் சான்று. விஜயகாந்த் நோயால் நடையும் பேச்சும் தளர்ந்த காலத்தில் ஏளனத்துக்கு உள்ளானார். 2023 டிசம்பர் 28இல் அவர் மறைந்தபோது பெருந்திரளான மக்கள் கண்ணீர் விட்டனர். அசைவு கண்டு எழ வேண்டிய அழுகை, இழவு நேர்ந்த பின்னரே எழுந்தது. அஜித்குமாரின் உடற்பருமனும் ஒருகாலத்தில் நகைக்கப்பட்டதே.

எனினும் வேறுபாடு பெரிது. ஆடவரின் மூப்புக்கு மக்கள் ஒரு நற்பொருள் கற்பித்துக்கொள்கின்றனர். 1971இல் பிறந்த அஜித்குமார், 2011இல் 'மங்காத்தா' படத்தில் நரைத்த தலையுடன் தோன்றினார். அந்நரை புதுப்பாணி எனக் கொண்டாடப்பெற்றது. அப்பொழுது அவர்க்கு வயது நாற்பது. பேரிளம்பெண்ணுக்குப் பெயர் முடியும் அதே வயதில் ஆடவனுக்குப் புது அழகு தொடங்கிற்று. 1950இல் பிறந்த இரஜினிகாந்த் வழுக்கையும் வெண்தாடியுமாகப் பொதுவிடங்களில் தோன்றுவது எளிமை எனப் போற்றப்படுகின்றது. 1976இல் 'மூன்று முடிச்சு' படத்தில் ஸ்ரீதேவியோடு நடித்தபோது அவர்க்கு இருபத்தைந்து இருபத்தாறு வயது. ஸ்ரீதேவி மறைந்த 2018ஆம் ஆண்டிலும் அவர் தலைவனாகவே நடித்துக்கொண்டிருந்தார். ஸ்ரீதேவி அதற்கு முந்திய ஆண்டில் 'மாம்' என்னும் இந்திப் படத்தில் தாயாக நடித்திருந்தார்.

அரசியல் மேடையிலும் இதே வேறுபாடு காணப்படுகின்றது. 1984இல் நோயுற்று அமெரிக்க மருத்துவமனையில் இருந்தவாறே இராமச்சந்திரன் தேர்தலில் வெற்றி பெற்றார்; அவர் உடல் நலிவு மக்களின் பரிவைப் பெருக்கிற்று. 1965இல் 'வெண்ணிற ஆடை' படத்தில் தமிழுக்கு அறிமுகமான ஜெயலலிதா, பின்னர் முதலமைச்சராக விளங்கியபோதும் அவர்தம் உடற்பருமன் மேடைப்பேச்சில் ஏளனப்பொருளாக்கப்பட்டது. அவர்தம் ஆட்சியைக் குறை கூறுதற்குக் காரணங்கள் வேண்டுவோர்க்கு வேறு காரணங்கள் இல்லாமலில்லை. உடலை எடுத்துக்கொண்டமை எளிமை பற்றியே.

7. ஒரு தடையும் விடையும்

ஈண்டு ஒரு தடை எழும். 'நடிகர்க்கு உடலே கருவி. அவ்வுடலைக் காட்டிப் பொருளும் புகழும் ஈட்டியவர், அதனைப் பற்றிய மதிப்பீட்டை மட்டும் விலக்க இயலுமோ? குரல் கெட்ட பாடகரைக் குறை கூறுகின்றோம். உரு மாறிய நடிகரைக் கூறலாகாதோ?' என்பர்.

இத்தடையில் உண்மை உண்டு. ஒரு பகுதி உண்மை. பாத்திரத்துக்கும் நடிகர்க்கும் உள்ள பொருத்தம் ஆராய்தல் திறனாய்வாளர் கடமை. அறுபது வயதினர் இளவரசராகவோ கல்லூரி மாணவராகவோ தோன்றின், அது நாடகப் பொருத்தத்தைக் கெடுக்கும் எனக் கூறுதல் தகும். 1978இல் வெளிவந்த 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' பற்றி அவ்வாறு கூறினும் தவறில்லை. அக்கூற்று கலைப்படைப்பினைப் பற்றியது; பாத்திரம் மாறின் கூற்றும் மாறும். ஆயின் விருது மேடையிலும், திருமண வீட்டிலும், மருத்துவமனை வாயிலிலும் நிற்பவர் எப்பாத்திரத்தையும் ஏற்றவரல்லர். அவ்விடத்துப் பொருத்தம் பார்த்தற்கு எதனோடு எதனைப் பொருத்துவது? பாடகர் பாடும்போது குரலை மதிப்பிடுகின்றோம். அவர் காய்கறி வாங்குமிடத்தில் மதிப்பிடுவதில்லை. 'இக்கூற்று எப்படைப்பினைப் பற்றியது?' என்னும் ஒரு வினாவே திறனாய்வினையும் தீர்ப்பினையும் பிரித்துக்காட்டப் போதுமானது. விடை கூற இயலாதவிடத்து அது திறனாய்வன்று.

8. மாற்று நெறி

தீர்ப்பினைக் கடிந்ததோடு அமைதல் போதாது. வேறொரு பார்வைக்கு மரபில் இடம் உண்டா எனவும் காணல் வேண்டும். உண்டு. புறநானூற்றில் 243ஆம் பாட்டினைப் பாடிய தொடித்தலை விழுத்தண்டினார், கோல் ஊன்றி, இருமலுக்கு இடையே சில சொல் பேசும் முதியவராகத் தம்மைக் காட்டிக்கொண்டு, ஆழ்ந்த மடுவில் அஞ்சாது பாய்ந்த இளமையை நினைந்து இரங்குகின்றார். ஒப்பிடுதல் இங்கும் உண்டு. அன்று இருந்த நிலையும் இன்றைய நிலையும் இங்கும் எதிர்நிற்கின்றன. ஆனால் ஒப்பிடுபவரும் ஒப்பிடப்படுபவரும் ஒருவரே. ஆகவே எள்ளலுக்கு இடமின்றி அழுகை தூயதாக நிற்கின்றது. மணிமேகலையின் மூதாட்டிக்கு வாய்க்காத பேச்சு இம்முதியவர்க்கு வாய்த்தது. மூத்த நடிகையர்க்கு நாம் மறுப்பது இப்பேச்சினையே. தம் மூப்பைப் பற்றி அவர் என் கூறுவார் என்று எவரும் கேட்பதில்லை. அவரைப் பற்றி நாம் கூறுவது மட்டும் கேட்கின்றது.

துறவாத முதுமையைக் கலையாகக் காணும் முயற்சிகள் திரையிலும் இல்லாமலில்லை. 1931இல் பிறந்த சௌகார் ஜானகி, எண்பதுகளின் இறுதி அகவையில், 2020இல் வெளிவந்த 'பிஸ்கோத்' படத்தில் நடித்தார். அது அவர்தம் நானூறாவது படம் எனப்பட்டது. 1983இல் 'மண்வாசனை' படத்தில் அறிமுகமான ரேவதி, 2017இல் தனுஷ் இயக்கிய 'ப. பாண்டி' படத்தில், முதியவர் ஒருவர் தேடி வரும் பழைய காதலியாக நடித்தார். அவ்வம்மையார் துறவியாகவும் வரவில்லை, நகைப்பொருளாகவும் வரவில்லை. தலைவனாக நடித்த ராஜ்கிரணைக் கண்டபோது அவர் முகத்தில் எழும் தயக்கமும், நாணமும், பழகிய ஒருவரைக் கண்ட அமைதியும் இருபது வயது முகத்தில் எழத்தக்கன அல்ல. இளமையில் நடித்த முகம் நினைவிலிருப்பதனால், காண்போர்க்கு இம்முகத்தின் பொருள் கூடுகின்றது. தேநீர்க் கடையில் பழியாகப் பயன்பட்ட அதே நினைவு இங்குச் சுவையாகப் பயன்படுதல் காண்க. பழைய முகத்தை மறக்க வேண்டுவதில்லை. புதிய முகத்தைப் படிக்கக் கற்றல் வேண்டும். அதனைக் கற்பித்தல் திறனாய்வாளர் தொழில்.

இத்தொழிலில் தமிழ்த் துறைகள் பின்தங்கியுள்ளன என்பதனை ஒப்புக்கொள்ளல் நன்று. மங்கைப் பருவத்து வருணனைக்கு உரை கூற நமக்கு ஆயிரம் சொற்கள் உள. ஐம்பது வயது முகத்தின் நடிப்பினைக் கூறச் சொற்கள் இல. சொல்லில்லாதவிடத்தே "எப்படி இருந்தவர்" என்னும் தொடர் வந்து அமர்ந்துகொள்கின்றது. முதுகலை மாணவர் உலாவின் எழுபருவங்களை ஆராய்வதோடு, இக்காலப் புனைகதையிலும் திரையிலும் நாற்பதிற்கு மேற்பட்ட பெண்டிர் எச்சொற்களாற் கூறப்படுகின்றனர் எனத் தொகுத்து ஆராய்வராயின், அம்மாணவி கேட்ட வினாவுக்கு விடை கிடைக்கக்கூடும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மூத்த நடிகரின் உருவும் எடையும் பற்றிய மக்கள் தீர்ப்பு, தன் மூப்பு கண்ட இளிவரல் பிறன்மேல் எள்ளலாகப் பாய்வது என்பதும், துறந்தார்க்கு மட்டுமே முதுமையில் மதிப்பளித்த மரபு அதற்கு ஒரு வேர் என்பதும், அத்தீர்ப்புக்கு நிலையான அளவுகோல் இல்லை என்பதும் விளங்கும்.

நரையைப் பற்றி நம் முன்னோரும் வினவினர். ஆண்டு பலவாகியும் நரை இல்லாமை எங்ஙனம் என்று பிசிராந்தையாரைக் கேட்டனர். அவர் எண்ணெயையோ மூலிகையையோ காரணமாகக் கூறினாரல்லர். மனைவி, மக்கள், ஏவலர், அரசன் என எண்ணி, இறுதியில் தம் ஊரில் வாழும் சான்றோரைக் காட்டினார். ஒருவரின் நரைக்கு அவர் வாழும் ஊரும் பொறுப்பு என்பது அவ்விடையாற் பெறப்படும். கீழ்க்கட்டளைத் தேநீர்க் கடையில் "நாம மட்டும் அப்படியேவா இருக்கோம்?" என்று கேட்ட முதியவர் அப்பொறுப்பில் தம் பங்கினைச் செய்தார். அவர் மெய்ப்பாட்டியல் கற்றவராதல் அரிது. கற்ற நாம் அவ்வளவேனும் செய்தல் வேண்டும் என்பது நம் துணிபு.